தேனும் வைரஸும்: தலைப்புச் செய்தி சொல்லாமல் விடுவது

தேன் வைரஸ்களைக் கொல்லும் என்ற செய்தி சில வருடங்களுக்கு ஒரு தடவை வெளிநாட்டுப் பத்திரிகைகளில் தலைகாட்டுவதும், பின்னர் அது எமது பத்திரிகைகளில் மொழிபெயர்ப்பாக வெளியாவதும் வழமையாகிவிட்டது. செய்தி பொய்யல்ல. ஆனால், அதில் விடுபட்டுப்போகும் ஒரு சொல் முழுச் செய்தியின் கருத்தையுமே மாற்றிவிடுகிறது. 'ஆய்வுகூடத்தில்' என்பதே அந்தச் சொல். பத்திரிகைத் துறையில் நீண்டகாலம் பணியாற்றியவன் என்ற முறையில், தலைப்பில் ஒரு சொல்லுக்கு இடம் கிடைக்காமல் போவதன் விளைவு எத்தகையது என்பதை நான் அறிவேன்.

எல்லாத் தேனும் ஒன்றல்ல என்பது முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டிய உண்மை. பெரும்பாலான தேன் வகைகளில் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல், தேனீ சுரக்கும் ஒரு நொதியத்தினால் உருவாகும் ஹைட்ரஜன் பெரொக்சைட்டில் இருந்தே பெருமளவுக்கு வருகிறது. ஆனால், நியூசிலாந்தின் மனுக்கா பூக்களில் இருந்து கிடைக்கும் தேனில் அதற்கு அப்பாலும் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதை வைக்காட்டோ பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பீற்றர் மோலன் 1980களில் கண்டறிந்தார். அது மெத்தில்கிளையொக்ஸால் என்ற இரசாயனமே என்பதை ஜேர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோமஸ் ஹென்லே குழுவினர் 2008 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் நிறுவினர். அந்தப் பூவின் அமுதத்தில் உள்ள ஒரு பொருளே தேன் முதிரும்போது இவ்வாறு மாறுகிறது. பூ மாறினால் தேனின் குணமும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வைரஸ்களைப் பொறுத்தவரையிலும் இந்த வேறுபாடு தென்பட்டிருக்கிறது. ஜப்பானின் நாகசாகி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல்வேறு பூக்களின் தேனை இன்ஃபுளுவென்சா வைரஸுக்கு எதிராகப் பரிசோதித்து 2014 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். எல்லாமே ஓரளவு வைரஸைக் கட்டுப்படுத்தின. மனுக்கா முன்னிலையில் நின்றது. அதற்கு இரு வருடங்கள் முன்னதாக, கொப்பளிப்பானையும் அக்கியையும் உண்டாக்கும் வைரஸுக்கு எதிராக மனுக்கா தேனையும் குளோவர் பூத் தேனையும் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தபோது இரண்டுமே ஏறத்தாழ ஒரே அளவில் செயற்பட்டன. நூற்றுக்கு 4.5 என்ற செறிவில் வைரஸின் பெருக்கம் பாதியாகக் குறைந்தது.

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பரிசோதனைகள் நடந்தது கண்ணாடிப் பாத்திரத்தில், வளர்க்கப்பட்ட கலங்களின் மீது. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம் ஓடுகிறது. அதில் நூற்றுக்கு 4.5 என்ற அளவு தேன் இருக்க வேண்டுமானால், 225 கிராம் தேன் தேனாகவே இரத்தத்தில் கலந்து நிற்க வேண்டும். அது நடக்கக்கூடிய காரியமா? நாம் அருந்தும் தேன் குடலில் சீனியாகி உறிஞ்சப்படுகிறது. மெத்தில்கிளையொக்ஸாலைச் செயலிழக்கச் செய்வதற்கென்றே எமது உடலில் நொதியங்கள் இருக்கின்றன. பாத்திரத்தில் வைரஸை அழிப்பது பெரிய சாதனையுமல்ல. சவர்க்கார நீரும் கூட அதைச் செய்யும். அதற்காக எவரும் சவர்க்காரத்தைக் குடிப்பதில்லை.

ஆய்வுகூடத்தை விட்டு நோயாளர்களிடம் வந்தால் நிலைமை என்ன? நியூசிலாந்தில் 76 மருந்தகங்களின் ஊடாக, உதட்டுக் கொப்புளத்தினால் பாதிக்கப்பட்ட 952 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2019 இல் வெளியானது. ஒரு பகுதியினர் கானுக்கா பூத் தேனையும் மற்றப் பகுதியினர் அசைக்ளோவிர் களிம்பையும் பூசினர். தேன் பூசியவர்களுக்குக் குணமாக 9 நாட்களும் களிம்பு பூசியவர்களுக்கு 8 நாட்களும் சென்றன. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதே முடிவு. தேன் தோற்கவில்லை, அற்புதம் எதையும் செய்துவிடவுமில்லை.

இருமலைப் பற்றிய இஸ்ரேலிய ஆய்வு இன்னும் சுவாரஸ்யமானது. 1 முதல் 5 வயது வரையான 300 சிறுவர்களுக்கு யூக்கலிப்டஸ் தேன், தோடை இனப் பூக்களின் தேன், துளசிக் குடும்பச் செடிகளின் தேன் ஆகியவற்றில் ஒன்றோ அல்லது பேரீச்சம்பழப் பாகோ படுக்கைக்கு முன்னர் கொடுக்கப்பட்டது. 2012 இல் வெளியான முடிவின்படி மூன்று தேன்களும் பாகைவிடக் கூடுதலான நிவாரணம் தந்தன. ஆனால், தேன்களுக்கிடையில் வேறுபாடு காணப்படவில்லை. பாத்திரத்தில் பேசிய பூ, கரண்டிக்கு வந்ததும் மௌனமாகிவிட்டது. ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் 14 ஆய்வுகளைத் தொகுத்து 2020 இல் வெளியிட்ட கட்டுரையும், தடிமன் இருமலுக்குத் தேன் வழமையான சிகிச்சையைவிட நன்மை தருகிறது என்றே கூறியது. வைரஸை அழிக்கிறது என்று அது கூறவில்லை. தேவையற்ற அன்ரிபயோட்டிக் மருந்துகளைத் தவிர்க்க உதவலாம் என்றே கூறியது. எனது அபிப்பிராயத்தில் தேனின் உண்மையான பெருமை அதுவே. எமது பாட்டிமாருக்கு அது தெரிந்தே இருந்தது.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாததற்கு எமது நாடு ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறது. 2020 டிசம்பரில், கொரோனா பரவிக்கொண்டிருந்த வேளையில், தேனும் சாதிக்காயும் சேர்த்துத் தயாரித்த பாணி ஒன்றைப் பெறுவதற்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். தொற்றைத் தடுக்கும் என்று நம்பப்பட்ட பாணிக்காகத் தொற்றுக்கு வழிவகுக்கும் கூட்டம் கூடியது. அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாரச்சி அந்தப் பாணியைப் பகிரங்கமாகவே அருந்தினார். 2021 ஜனவரியில் அவருக்கும் கொரோனா தொற்றியது. அவர் சிகிச்சை பெற்றுக் குணமடைந்தார் என்பது ஆறுதல். ஆனால், சுகாதார அமைச்சர் ஒருவர் கையில் கோப்பையை ஏந்தும்போது அது தனிப்பட்ட நம்பிக்கையாக இருப்பதில்லை, மக்களுக்கான அறிவித்தலாகிவிடுகிறது.

இன்று அதே மயக்கம் வேறு வடிவத்தில் விற்பனையாகிறது. மனுக்கா போத்தலில் அச்சிடப்படும் இலக்கம் பெரிதாக ஆக விலையும் ஏறுகிறது. அந்த இலக்கங்கள் பக்டீரியாக்களை எதிர்க்கும் ஆற்றலையோ மெத்தில்கிளையொக்ஸாலின் அளவையோ குறிப்பவை. வைரஸ் நோய் எதையும் குணமாக்கும் ஆற்றலை அல்ல. இதை எத்தனை பேர் அறிவார்கள்?

நியூசிலாந்திடமிருந்து நாம் கற்கவேண்டியது வேறொன்று. போலித் தேனைத் தடுப்பதற்காக அந்நாட்டு அரசாங்கம் 2018 இல் நான்கு இரசாயன அடையாளங்களையும் ஒரு மரபணு அடையாளத்தையும் வகுத்து, அவற்றில் தேறுவதை மாத்திரமே மனுக்கா என்று ஏற்றுமதி செய்ய அனுமதித்தது. எமது பண்டாரவளை யூக்கலிப்டஸ் தேனுக்கும் வன்னிக் காட்டுத் தேனுக்கும் அத்தகைய ஒரு அடையாளம் வேண்டும். வீதியோரப் போத்தலில் இருப்பது தேனா சீனிப்பாகா என்பதைக்கூட அறியமுடியாத ஒருவரிடம் பூக்களின் வேறுபாட்டைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

அதுவரை வாசகர்கள் மூன்று விடயங்களை மனதில் இருத்துவது நல்லது. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்தப் பூவின் தேனையும் நாவில் தடவக்கூடக் கூடாது. பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் ஏற்படக்கூடும். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தேனும் சீனியே. மழைக்காலத்தில் காய்ச்சல் நீடித்தால் அது டெங்காக இருக்கலாம்; நாடவேண்டியது தேன் போத்தலை அல்ல, வைத்தியசாலையை. இருமலுக்கு ஒரு கரண்டி தேன் போதும். அதைவிடப் பெரிய பாரத்தைத் தேனீயின் தலையில் நாம் சுமத்தவேண்டியதில்லை.