கட்டி முடிச்சாச்சா? யார் சொன்னது?

போன மாதம் திருச்சியில் பெரியப்பா வீட்டில் காதுகுத்து. பந்தி முடிந்ததும் வழக்கம்போல ஒரு கும்பல் ரயில் பார்க்க மாடிக்குக் கிளம்பியது. 12 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகை மேல் பெரியப்பா 14 வருடமாகக் கட்டிய ஜங்ஷன் அங்கேதான் இருக்கிறது. ஆளுக்கொரு வீடியோ எடுத்தார்கள், "செம மாமா" என்றார்கள், கீழே ஐஸ்க்ரீம் தீர்ந்துவிடுமே என்று ஐந்தே நிமிடத்தில் இறங்கிவிட்டார்கள். நான் மட்டும் துணியும் பாட்டிலுமாகத் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது பெரியப்பா மகன், அதாவது எங்கள் பெங்களூரு அண்ணன், கதவில் சாய்ந்துகொண்டு ஒரு வார்த்தை சொன்னார்.

"அதான் கட்டி முடிச்சாச்சுல்ல? இன்னும் எதுக்குடா அதைத் தடவிக்கிட்டே இருக்கீங்க?"

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அண்ணன் கையில் ஒரு திட்டமே இருந்தது. பழைய மாடல்களை வாங்கி விற்கும் ஒருவர் 11 எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் சேர்த்து 38,000 ரூபாய் தருகிறாராம். பலகை, மலை, ஸ்டேஷன், வயர் எல்லாம் அவர் கணக்கில் பூஜ்யம். "பிளைவுட்டை விறகுக்குப் போட்டுடலாம், ரூமை மாசம் 5,500க்கு வாடகைக்கு விடலாம்" என்றார். பெரியப்பா அங்கேயே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை. அவருக்கு முழங்கால் போய் இரண்டு வருடம் ஆகிறது, பலகைக்கு அடியில் குனிய முடியாது.

விசேஷ வீட்டில் சண்டை போடக்கூடாது என்று அம்மா கண்ணாலேயே சொல்லிவிட்டார். அதனால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கு மூடப்போவதில்லை.

முதலில் ஒரு விளக்கம். 'லேஅவுட்' என்று சொன்னதும் என் வகுப்பு நண்பன் "டி.டி.சி.பி. அப்ரூவ்டா?" என்று கேட்டான். அந்த லேஅவுட் இல்லை. தண்டவாளம், பாயிண்ட், சிக்னல், ஊர், மரம், மனிதர் என்று ஒரு ரயில்வேயை அளவு குறைத்துப் பலகை மேல் கட்டி ஓட்டுவதற்கும் லேஅவுட் என்றுதான் பெயர். பெரியப்பாவுடையது எச்.ஓ. அளவு, நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். நம் பிராட்கேஜ் 1,676 மில்லிமீட்டர் என்பதால் கணக்குப்படி 19 மில்லிமீட்டருக்கு மேல் வரவேண்டும். உலகச் சந்தையில் அப்படி ரெடிமேட் தண்டவாளம் யார் போடுகிறார்கள்? ஆகவே அவருடைய டபிள்யூ.டி.எம்.-2 கொஞ்சம் ஒல்லிக் காலில்தான் நிற்கும். அமெரிக்க ஆல்கோ எஞ்சின் ஒன்றின் அடிப்பாகத்தை வாங்கி, மேல்கூட்டை பிளாஸ்டிக் ஷீட்டில் அறுத்து ஒட்டி அவரே செய்தது. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவருக்கு அந்த 3 மில்லிமீட்டர் குறைச்சல் இன்றும் உறுத்தல். ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

நிற்க. 'கட்டி முடிச்சாச்சு' என்ற அந்த வார்த்தைக்கு வருகிறேன். அண்ணன் மட்டும் சொல்லும் வார்த்தையா அது? திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டி, கல்வெட்டு வைத்து, ஆறே மாதத்தில் பல்பு எரியாத பூங்கா உங்கள் ஊரில் இல்லையா? கட்டுவதற்குத்தான் கைதட்டு. துடைக்கிறவனைப் பார்த்தால் 'வேலை இல்லாதவன்'.

மாதிரி ரயில் விஷயத்தில் இது வெறும் மனப்பான்மைக் கோளாறு இல்லை, அறியாமை. இதில் மின்சாரம் வருவதே தண்டவாளம் வழியாக. 12 வோல்ட், இரண்டு தண்டவாளம், அதன் மேல் உருளும் சக்கரம். சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடம் ஒரு கடுகு அளவுகூடக் கிடையாது. அந்தக் கடுகு வழியாகத்தான் மோட்டாருக்குக் கரண்ட் போகவேண்டும். ஓடும்போது கண்ணுக்குத் தெரியாத பொறி பறக்கும், அதனால் உலோகத்தில் ஆக்சைடு படியும். கியரில் விட்ட எண்ணெய் கசியும். மேலே திருச்சித் தூசி. மூன்றும் சேர்ந்தால் கருப்பாக ஒரு பசை. ஒரு மாதம் துடைக்காமல் விட்டுப் பாருங்கள், எஞ்சின் மூன்று அடி போய் விக்கும், முகப்பு விளக்கு கண்ணடிக்கும், அப்புறம் நின்றுவிடும். உடனே பார்க்கிறவர்கள் "மோட்டார் போச்சு" என்பார்கள். மோட்டார் நன்றாகத்தான் இருக்கும்.

தண்டவாளம் நிக்கல் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பு, துத்தநாகம், நிக்கல் மட்டுமே. இதைத் துடைக்கத் துணியும் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் போதும். ஒரு மாமா உதவி செய்கிறேன் பேர்வழி என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டார். பளபளவென்று ஆனது, எல்லாருக்கும் சந்தோஷம். அந்தக் கீறல்களில்தான் இன்றும் அழுக்கு வேகமாக ஏறுகிறது. அந்த நாலு அடிக்கு மட்டும் நான் வாரம் இருமுறை துடைக்கவேண்டியிருக்கிறது. இன்னொருவர் கியருக்குத் தேங்காய் எண்ணெய் விட்ட கதையும் உண்டு. மார்கழியில் எஞ்சின் உறைந்து நின்றது :-)

பிளைவுட்டுக்கும் ஒரு குணம் இருக்கிறது. கடையில் கிடைக்கும் பலகை 8 அடிக்கு 4 அடி. 12 அடி வேண்டுமென்றால் ஒன்றரைப் பலகை, நடுவில் ஒரு இணைப்பு. மழைக்காலத்தில் ஈரம் குடித்து ஒரு பக்கம் எழும்பும். சித்திரை வெயிலில் 20 டிகிரி கூடினால் 12 அடித் தண்டவாளம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். சக்கர விளிம்பின் உயரமே கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர்தான். வண்டி ஏன் அந்த இணைப்பிலேயே கவிழ்கிறது என்று இப்போது புரிகிறதா? நிஜ ரயில்வேயில் கேங்மேன் தினம் நடந்து பார்க்கிற அதே காரணம்தான். தன் ரயில்வேக்குப் பெரியப்பாவே கேங்மேன், எலக்ட்ரீஷியன், பெயிண்டர். 'கட்டி முடித்த' ரயில்வே என்று எங்காவது உண்டா? இருந்தால் அதற்குப் பெயர் மியூசியம். நல்ல மியூசியம்கூட அப்படி இல்லை.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் பெண்டன் மியூசியம் என்று ஒன்று. ராய் இங்கிலாந்து என்ற ஆஸ்திரேலியர் 1954-ல் தொடங்கியது. 1920, 30களின் கிராமப்புறத்தை ஒரு வீடு விடாமல் அளந்து மாதிரி செய்கிறார்கள். அவர் இறந்து பல வருடம் ஆகியும் தன்னார்வலர்கள் இன்னும் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே மேடர் வேலி ரயில்வே என்ற பழைய லேஅவுட் ஒன்றும் இருக்கிறது. ஜான் ஏஹெர்ன் என்பவர் தன் வீட்டில் கட்டியது. அவர் 1961-ல் காலமானார். லேஅவுட் பெண்டனுக்கு வந்தது, அவ்வப்போது இன்றும் ஓட்டுகிறார்கள்.

இதற்கு நேர் எதிர் அமெரிக்காவில். கலிபோர்னியா மான்டரேயில் ஜான் ஆலன் கட்டிய லேஅவுட், தரையிலிருந்து கூரை வரை மலை. புது எஞ்சினுக்குத் துருவும் கரியும் பூசிப் பழசாக்கும் வித்தையில் மற்றவர்களுக்கெல்லாம் முன்னோடி அவர். 1973 ஜனவரியில் இறந்தார். சில நாட்களிலேயே வீட்டில் தீ பிடித்து லேஅவுட் போய்விட்டது. இப்போது இருப்பது போட்டோக்கள். தீ யார் தப்பும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அண்ணன் விறகுக்குப் போடலாம் என்று சொன்னபோது எனக்கு அந்த மலைதான் ஞாபகம் வந்தது. அங்கே விபத்து, இங்கே பிளான் போட்டுச் செய்கிறோம்.

"பெரிய ஆளுங்க விளையாட்டுச் சாமானோட என்ன பண்றது" என்று சின்னத்தை ஒரு பக்கம். ராட் ஸ்டூவர்ட் தெரியுமா, பாப் பாடகர்? இருபது வருடத்துக்கு மேல் உழைத்து ஒரு அமெரிக்க நகரத்தையே மாதிரி ரயிலோடு கட்டினார். 2019-ல் அது ஒரு பத்திரிகையில் வந்தது. அவரே கட்டியிருக்கமாட்டார் என்பது போல பி.பி.சி. ரேடியோ நிகழ்ச்சி ஒன்றில் பேச்சு வர, மனுஷர் நேராக போன் போட்டுச் சண்டைக்கு வந்துவிட்டார். பெரும்பகுதி நான்தான் செய்தேன், வயரிங் மட்டும் எனக்கு வராது, அதற்கு ஆள் வைத்தேன் என்றார். அந்த ஒப்புதலுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். பலகைக்கு அடியில் இருப்பதும் வேலைதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அடியில் இருப்பதைப் பற்றி இன்னொன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946-ல் மாணவர்கள் மாதிரி ரயில் சங்கம் ஒன்று ஆரம்பித்தார்கள். அதில் இரண்டு ஜாதி. மேலே பெட்டிக்கு வர்ணம் அடிப்பவர்கள், பலகைக்குக் கீழே பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் சாமான்களை வைத்து வயரிங் பார்ப்பவர்கள். அந்தக் கீழ்க்கூட்டத்தில் சிலர்தான் 1950களின் கடைசியில் கம்ப்யூட்டர் பக்கம் போய், 'ஹேக்கர்' என்ற வார்த்தைக்கு இன்றைய அர்த்தத்தின் தொடக்கத்தைக் கொடுத்தார்கள். ஆரம்பகால வீடியோ கேமான ஸ்பேஸ்வார் 1962-ல் வந்தது அந்த வட்டத்திலிருந்துதான். அண்ணே, நீங்க சாஃப்ட்வேர்தானே? உங்க கொள்ளுத்தாத்தாக்கள் எல்லாம் ரயில் பலகைக்கு அடியிலதான் படுத்திருந்தாங்க.

இப்போது என் ஏரியாவுக்கு வருகிறேன், பி.காம். கணக்கு. எங்கள் புத்தகப்படி சொத்தைக் கட்டும் செலவு மூலதனச் செலவு. அன்றாடம் துடைத்து, எண்ணெய் விடும் செலவு வருவாயினச் செலவு. முதலாவது இருப்புநிலைக் குறிப்பில் கம்பீரமாக உட்காரும். இரண்டாவது லாப நட்டக் கணக்கில் அந்த வருடமே காணாமல் போய்விடும். பரீட்சைக்கு நானும் அப்படித்தான் எழுதுவேன், மார்க் வேண்டுமே. ஆனால் 14 வருடம் தவறாமல் செலவான ஞாயிற்றுக்கிழமைகள் எந்தக் கணக்கில் வரும்? வாங்குகிறவர் எஞ்சினை மட்டும் விலை பேசினார், ஏனென்றால் பிரித்து எடுத்து விற்கமுடிவது அது மட்டுமே. ஜல்லி விற்காது. ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் கீழிருந்து தனியாக சால்டர் பண்ணிய வயர் விற்காது. பெவிகாலில் தண்ணீர் கலந்து, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு, இங்க் ஃபில்லரால் அந்த ஜல்லி மேல் சொட்டுச் சொட்டாக விட்டு ஒட்டிய இரவுகள் விற்காது. விற்காததெல்லாம் பூஜ்யம் என்பது வியாபாரிக்குச் சரி. மகனும் அதே கணக்கைப் போடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அண்ணன் பக்கம் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. பெரியப்பாவின் முழங்கால் நிஜம். பென்ஷன் போதவில்லை என்பதும், அந்த 5,500 ரூபாய் வந்தால் உதவும் என்பதும் நிஜம். ஜெர்மனியில் ஹாம்பர்க் மினியாட்டூர் வுண்டர்லாண்டை (2001-ல் திறந்தது, பிரவுன் என்ற இரட்டையர் தொடங்கியது, ஆயிரத்துக்கு மேல் ரயில்கள்) காட்டி "அவங்க பண்றாங்களே" என்று பேச நான் வரவில்லை. அங்கே டிக்கெட் காசு, 300க்கு மேல் ஊழியர்கள். இங்கே நான் ஒருத்தன்.

பெரியப்பா மேலும் எனக்குக் கோபம் உண்டு. அவரும் கட்டும்போது கட்டுவதை மட்டுமே நினைத்தார். நாலு நாலு அடித் துண்டாகக் கட்டி போல்ட் போட்டிருந்தால் இன்று கழற்றி வேறு எங்காவது கொண்டுபோகலாம். கண்காட்சிக்கு எடுத்துப் போகிறவர்கள் அப்படித்தான் கட்டுகிறார்கள். இவர் 8 அடிப் பலகையை அப்படியே போட்டார். அன்று கூரை போடுவதற்கு முன்னால் கயிறு கட்டி மேலே ஏற்றியது, இன்று மாடிப்படி திரும்பாது. வயரிங் படம் என்று ஒரு தாள்கூட இல்லை, எல்லாம் அவர் தலைக்குள். நீல வயர் எங்கே போகிறது என்றால் "மூணாவது பிளாட்பாரம், ஆனா பாதியில பச்சையாயிடும்" என்பார். ஏன் பச்சையாகிறது? அன்றைக்கு நீலம் தீர்ந்துபோச்சாம்!

அதனால் இரண்டு மாதமாக ஒரு லாங் சைஸ் நோட்டு போட்டிருக்கிறேன். அவர் முக்காலியில் உட்கார்ந்து சொல்வார், நான் மல்டிமீட்டரோடு கீழே மல்லாக்கப் படுத்து ஒவ்வொரு வயருக்கும் நம்பர் துணி கட்டுகிறேன். 19 பாயிண்டில் 12 முடிந்தது. அது முடிந்தால் 8 அடிப் பலகையை நடுவில் அறுக்கலாம். அறுக்கும் கோட்டில் ஏழு இடத்தில் தண்டவாளம் குறுக்கே போகிறது, ஏழும் மறுபடி மில்லிமீட்டர் பிசகாமல் சேரவேண்டும். பித்தளைக் குச்சியும் குழலும் வைத்துச் சேர்க்கலாம் என்கிறார் பெரியப்பா. அறுக்கலாம் என்று நான் சொன்ன அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் அவரே ஸ்கேலை எடுத்துவந்து கோடு போட்டார். மூன்று துண்டானால் எங்கள் வீட்டு ஹால் சுவரோரம் நிற்கும், அப்பாவிடம் பேசிவிட்டேன். ரூமும் காலியாகும், வாடகையும் வரும்.

அண்ணனிடம் நான் கேட்பது தை மாதம் வரை அவகாசம். அந்த வியாபாரிக்கு போன் பண்ணி எஞ்சின் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள். வர்ற ஞாயிறு 13-ம் நம்பர் பாயிண்ட், மோட்டார் கம்பி மாட்டிக்கொண்டு பாதியில் நிற்கிறது. திருச்சிப் பக்கம் வந்தால் மாடிக்கு வாங்கண்ணே. வீடியோ எடுக்க இல்லை, டார்ச் பிடிக்க ஒரு ஆள் வேணும்.