1990ஐ அழைக்கும்போது



வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் நாம் முதலில் யாரை அழைக்கிறோம்? நம்மூர்களில் பெரும்பாலும் கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் மகனைத்தான். அவர் பதறி மச்சானுக்கு எடுத்து, மச்சான் ஒரு முச்சக்கர வண்டியைத் தேடிப் பிடிப்பதற்குள் அரைமணி நேரம் போய்விடும். தூரத்தில் இருப்பவரால் துஆச் செய்யலாம். வண்டி அனுப்ப முடியாது. அவருக்குப் பிறகு சொல்லுங்கள்.

முதலில் அழைக்க வேண்டியது 1990. இந்தியாவின் நன்கொடையுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் 88 அம்புலன்ஸ்களுடன் ஆரம்பமான சுவசெரிய சேவை, 2018இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கி ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. கட்டணம் கிடையாது. ராஜகிரியவிலுள்ள கட்டுப்பாட்டு நிலையத்தில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பதைக் கணினித் திரையில் பார்த்து, அருகிலுள்ளதை அனுப்புகிறார்கள். பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவரும் அதில் வருவார்; ஒட்சிசனும் இருக்கும். முச்சக்கர வண்டியில் இதெல்லாம் கிடைக்குமா?

வண்டி நிற்கும் இடம் கணினிக்குத் தெரியும். நாம் இருக்கும் இடத்தைச் சொல்வதில்தான் சிக்கல். "பள்ளிக்குப் பின்னால்" என்றால் ராஜகிரியவில் இருப்பவருக்கு என்ன விளங்கும்? புதுக்குடியிருப்பு என்ற பெயரில் முல்லைத்தீவிலும் ஊருண்டு, மட்டக்களப்பிலும் உண்டு, மன்னாரிலும் உண்டு. ஆகவே மாவட்டத்தை முதலில் சொல்லுங்கள். பிறகு ஊர், வீதி, பிரதான வீதியில் தெரியும் ஓர் அடையாளம். ஸ்மார்ட் போன் உள்ளவர்களுக்கு, இடத்தைத் தானே அறிவிக்கும் செயலியும் உண்டு.

ஆனால் அந்த ஸ்மார்ட் போன் யாருடைய கையில் இருக்கிறது? பகலில் ஆண்கள் வயலுக்கும் கடைக்கும் போனபின் வீட்டில் இருப்பது உம்மும்மாவும் கர்ப்பிணி மருமகளும். அவர்களிடம் பழைய பட்டன் போன். 1990க்கு அதுவே போதும், இணையம் தேவையில்லை. இலக்கத்தையும் விலாசத்தையும் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டிக் கொடுங்கள். அந்நிய ஆணுடன் எப்படிப் பேசுவது என்று தயங்கும் சகோதரிகளும் இருக்கிறார்கள். உயிராபத்து வேளையில் மார்க்கம் அதைத் தடுக்கவில்லை. இதை ஆண்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

முகம் ஒரு பக்கம் கோணி, ஒரு கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் பாரிசவாதமாக இருக்கலாம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை டொக்டர் கேட்பார், குறித்து வையுங்கள். வண்டி வருமுன் கிளினிக் கொப்பியையும் பாவிக்கும் குளிசைகளையும் ஒரு பையில் போடுங்கள். இரவென்றால் ஒரு பையனை டோர்ச்சுடன் சந்திக்கு அனுப்பி வையுங்கள்.