அங்கீகாரம் எதற்கு?

ஐஎஸ்ஓ 15189 அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக்கூடம் எதுவாயினும், அதன் மரபணு அறிக்கையைச் சந்தேகமின்றி ஏற்கலாம் என்பது பலருடைய வாதம். இது பிழை.

ஒன்று: அங்கீகாரம் கட்டடத்துக்கு உரியதன்று, அதன் அட்டவணையில் குறிக்கப்பட்ட சோதனைகளுக்கும் முறைகளுக்குமே உரியது. இரத்தச் சர்க்கரைக்குப் பெற்ற சான்றிதழ் அபூர்வ நோய்ச் சோதனைக்கு எவ்விதம் பிரமாணமாகும்?

இரண்டு: அங்கீகாரம் பெற்ற சோதனைக்கும் எல்லை உண்டு. ஃப்ராஜைல் எக்ஸ் நோயில், எஃப்எம்ஆர்1 மரபணுவின் சிஜிஜி என்னும் மூவெழுத்துத் தொடர் 200 தடவைக்கு மேல் அடுக்கடுக்காக வருவதை வழக்கமான எக்ஸோம் பரிசோதனை கண்டறிவதில்லையாதலால், ‘தோஷம் ஏதுமில்லை’ என்ற அதன் அறிக்கையை நம்பிக் குழந்தையுடன் வீடு திரும்பும் தாய்க்கு யார் பதில் சொல்வது?

மூன்று: வெளித்தர மதிப்பீட்டில் பங்கெடுப்பது அங்கீகாரத்தினின்று வேறான விஷயம், ஐரோப்பாவின் அபூர்வ நோய்த் தகவல் தளமான ஆர்ஃபனெட் அதைத் தனியே குறிக்கிறது.

அட்டவணையைக் காட்ட மறுக்கும் கூடத்துக்கு இரத்தம் கொடாதீர்கள்.