கதைகளிடம் பாடம் கேட்பது

சிறுகதை எழுத விழையும் இளைஞர்களுக்குப் பூவார், பாறசாலைப் பக்கங்களில் குறைவில்லை. ஆயினும் சிறந்த கதையொன்றை எடுத்து, அது எவ்விடத்தில் தொடங்குகிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பொறுமையோடு ஆராய்கிறவர்களைக் காண்பது அபூர்வமாக இருக்கிறது. எழுத்து பிறவியிலேயே வாய்ப்பது என்ற நம்பிக்கை இதற்கு ஒரு காரணம். கதையின் கருத்து யாது என்பதற்கு மேல் வினவாத நம் பாடசாலைகள் மற்றொரு காரணம்.

1948இல் நமக்கு அண்மையிலுள்ள திருவனந்தபுரத்தில் காலமான புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதையைப் பாருங்கள். சாமானிய எழுத்தாளன் மனைவியின் நோயில் தொடங்கி, மரணத்தை இறுதிக்கென்று ஒளித்து வைத்து, நம்மை அழச் செய்திருப்பான். அவரோ மரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறார். பிழைப்பாளா என்ற ஆவல் அகன்றுவிடவே, ஜவுளிக்கடைச் சிப்பந்தியான கணவனின் ஒவ்வொரு பணிவிடையிலும் நம் சித்தம் முழுமையாகப் படிகிறது. ஐயமிருப்பின், அச்சம்பவங்களைக் காலவரிசைப்படி மாற்றி ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். கதையின் ஜீவன் எங்கே இருந்தது என்பது, எந்த இலக்கண நூலும் உணர்த்தாத அளவுக்கு, அப்போது விளங்கும்.

இவ்வாறு பிறர் எழுத்தை நெருங்கிப் படித்துக் கற்றவர் நாகர்கோவில் சுந்தர ராமசாமி. இளமையில் கோட்டயத்தில் வளர்ந்து, 18 வயதளவில்தான் தமிழை எழுதப் படிக்கக் கற்ற அவர், 1951இல் புதுமைப்பித்தன் நினைவு மலரைத் தொகுத்து, அதிலேயே தம் முதற்கதையையும் வெளியிட்டார். மலையாள நாவலாசிரியர் தகழியின் ‘தோட்டியின் மகன்’, ‘செம்மீன்’ ஆகிய நாவல்களையும் மலையாளத்திலிருந்து தமிழாக்கினார். மொழிபெயர்ப்பவனைவிட நெருங்கிப் படிக்கிறவன் எவனுமில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். வாசகன் தாவிச் செல்லும் சொல்லைக்கூட அவன் நின்று நிறுத்துப் பார்த்தே தீர வேண்டும்.

நெய்யாற்றுப் பொழிமுகத்தில் வாழும் நமக்கு மொழிபெயர்த்துக் கற்கும் வசதி வீட்டு வாசலிலேயே இருக்கிறது. தமிழ், மலையாளம் இரு மொழியும் நம் நாவில் பழகியவை. 1945இல் பி. என். பணிக்கர் முன்னின்று தொடங்கி வளர்த்த கிரந்தசாலை இயக்கத்தின் பயனாக நூலகங்களும் ஊர்தோறும் உண்டு. அவற்றில் வாரம் ஒரு மாலையேனும் இளைஞர்கள் கூடி, காரூர் நீலகண்டப் பிள்ளையின் ‘மரப்பாவகள்’ போன்ற ஒரு மலையாளக் கதையை வரிவரியாகத் தமிழாக்கட்டும். குடிக்கணக்கு எடுக்க வந்தவனும் பொம்மை செய்யும் பெண்ணும் பேசிக்கொள்ளும் பேச்சிலேயே ஒரு வாழ்க்கை எப்படித் தெரியவருகிறது என்று விவாதிக்கட்டும். தங்கள் சொந்தக் கதைகளை அதன் பின்னர் அங்கே படிக்கலாம்.