நோக்கம் நல்லா இருந்தா பாட்டும் நல்ல பாட்டா? - ‘பொறம்போக்கு’ சண்டையும் பழவேற்காடும்

உங்க ஃபேவரைட் பேண்ட் வழக்கத்துக்கு மாறா ஒரு ஆல்பம் போட்டா என்ன நடக்கும்? வாட்ஸ்அப் குரூப் ரெண்டாகும். “இதான் பெஸ்ட்”னு ஒரு கட்சி, “இதெல்லாம் ஒரு பாட்டா”ன்னு இன்னொரு கட்சி. பாட்டு பழசாகிடும், சண்டை மட்டும் புதுசாவே இருக்கும்.

தமிழில் அப்படி ஒரு சண்டையைக் கிளப்பியது, 2017 பொங்கல் நேரத்தில் வந்த ‘சென்னை பொறம்போக்கு பாடல்’. எழுதியவர் கபேர் வாசுகி. ‘குரங்கன்’ இசைக்குழு மூலமா இண்டி ரசிகர்களுக்குத் தெரிந்தவர். மெட்டு, வயலின் கலைஞர் ஆர்.கே.ஸ்ரீராம்குமார். பாடியவர் டி.எம்.கிருஷ்ணா. ஆனந்தபைரவியில் தொடங்கும் ராகமாலிகைதான். ஆனா வார்த்தைகள் சென்னைத் தெருத் தமிழ். படம்பிடித்த இடம், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த எண்ணூர் கழிமுகம்.

சபா ரசிகர்களில் ஒரு பகுதிக்கு இது பிடிக்கலை. வசவா மாறிப்போன ஒரு சொல்லுக்கு இந்த ராகமெல்லாம் எதுக்குனு கேட்டாங்க. கிட்டார் கேட்டு வளர்ந்தவங்களுக்கு வேற சந்தேகம்: எண்ணூர்க்காரங்க கதையைச் சொல்ல சபா குரல்தான் கிடைச்சுதா? இன்னொரு கூட்டமோ, “நல்ல விஷயத்துக்காகப் பாடியிருக்காங்க, குறை சொல்லாதீங்க”ன்னு வாயை அடைச்சுது.

மூணு பேர் பேச்சிலும் கொஞ்சம் நியாயம் இருக்கு. ஆனா மூன்றாவது பதில்தான் ரொம்ப ஆபத்து. கடமைக்காகப் பிடிக்கும் பாட்டை நாம ஒருமுறை ஷேர் பண்ணுவோம். திரும்பக் கேட்க மாட்டோம்.

முதல் கேள்விக்கு வருவோம். வருவாய்த் துறைக் கணக்கில் புறம்போக்கு வசவு இல்லை. குளம், மேய்ச்சல் நிலம், சுடுகாடு மாதிரி, வரி விதிக்காம ஊர்ப் பொதுவுக்கு விட்ட நிலம். யாருக்கும் பட்டா இல்லாததால யாருக்கும் மதிப்பில்லைனு ஆச்சு. அந்த அலட்சியம்தான் சொல்லையும் வசவாக்குச்சு. அந்தச் சொல்லை மரியாதையான ராகத்தில் கேட்கும்போது நமக்கு வர்ற நெருடல் இருக்கே, பாட்டோட வேலையே அதுதான். ஆனா ஒண்ணு: ராகம் ஒழுங்கா நின்னாதான் அந்த நெருடல் வரும். அதனால, “இசையா இது தேறுதா?”னு கேட்கிறவர் எதிரி இல்லை, சரியான கேள்வியைத்தான் கேட்கிறார்.

சரி, இதில் பழவேற்காடு எங்கே வருது? மேப்பை எடுத்துப் பாருங்க. எண்ணூர் கழிமுகத்திலிருந்து வடக்கே காட்டுப்பள்ளிக்குப் பின்னாடி போகும் உப்பங்கழி, பழவேற்காடு ஏரியோட சேருது. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. நடுவில் இருக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 2018-ல் அதானி குழுமம் வாங்குச்சு. 330 ஏக்கரை 6,100 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டம் வந்தது. பழவேற்காட்டு மீனவக் கிராமங்கள் எதிர்த்தன. 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவித்த கருத்துக்கேட்புக் கூட்டங்கள் தள்ளிப்போச்சு. அந்த 2023 டிசம்பரில்தான், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தை மூடுச்சு.

இப்போ நாம என்ன பேசிட்டிருக்கோம்னு யோசிங்க. 2024-ல் கிருஷ்ணாவுக்கு மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி அறிவித்தப்போ, ரஞ்சனி-காயத்ரி சகோதரிகள் அந்த வருஷ மாநாட்டிலிருந்து விலகினாங்க. ரசிகர்கள் மறுபடி ரெண்டு கட்சி. அந்த வாக்குவாதத்தில் கிருஷ்ணா இருந்தார், பெரியார் இருந்தார், பக்தி இருந்தது. எண்ணூர் எங்கோ ஓரத்தில் போயிடுச்சு. பாடகரைப் பிடிக்காதவர் கழிமுகத்தையும் சேர்த்து ஒதுக்குறார். பிடிச்சவர் பாட்டைப் புகழ்ந்ததோட கடமை முடிஞ்சதா நினைக்கிறார். நஷ்டம் ரெண்டு பக்கத்துக்கும் இல்லை, ஏரிக்கு.

பழவேற்காட்டில் ‘பாடு’ன்னு ஒரு முறை உண்டு. இறால் வளமான இடங்களில் எந்த நாள் யார் வலை போடுறதுனு குலுக்கிப்போட்டு, முறை வெச்சுப் பிரிச்சுப்பாங்க. அதிலும் சண்டை இல்லாம இல்லை. அந்த முறைக்குள்ள யாருக்கு உரிமை, யாருக்கு இல்லைங்கிற வழக்கு இன்னும் ஓயலை. ஆனா, எனக்கு முறை கிடைக்கலைனு யாரும் ஏரியே வேணாம்னு சொல்றதில்லை.

அதனால ஒண்ணு செய்ங்க. அந்தப் பாட்டை முதல்ல கண்ணை மூடிக் கேளுங்க. அப்புறம் வீடியோவோட பாருங்க. பிடிக்கலையா? தாராளமா சொல்லுங்க, ஏன்னும் சொல்லுங்க. சொல்லிட்டு, அந்த மேப்பையும் ஒருதடவை திறந்து பாருங்க. பாட்டுக்கு நீங்க போடுற மார்க்கும் அந்தத் தண்ணிக்குப் போடுற மார்க்கும் ஒண்ணா இருக்கணும்னு எந்த அவசியமும் இல்லை.