கல்லுடையாரும் கற்றுணர்ந்தாரும்

ஒரு மணி நேரத் தரிப்பிலே ஓர் ஊரிற் காணத்தக்கது யாதுளது என வினவுவோர் உளர். பிரான்சு தேசத்தின் தென்மேற்கே, செலே நதிக்கரையிலுள்ள பிஜாக் என்னும் பழைய சிற்றூரில் எமக்கு வாய்த்தது அவ்வளவே. உடன்வந்தோர் இடைக்காலக் கல்வீடுகளைப் படம்பிடிக்க விரைந்தனர். எழுத்தறிவித்தலையே தொழிலாகக் கொண்ட யான், சாம்போலியன் பிறந்த மனையை நாடிச் சென்றேன்.

1790 இல் ஒரு புத்தக வணிகருக்கு மகனாகத் தோன்றிய அவர், எகிப்தியரின் சித்திர எழுத்தைப் படிக்கும் நெறியை 1822 இல் உலகுக்கு உணர்த்தினார். அதற்குத் துணைநின்றது, ஒரே ஆணையை மூவகை எழுத்தில் தாங்கிய றொசெற்றாக் கல். மனையருகே உள்ள முற்றத்தில், கொசுத் என்னும் கலைஞர் 1991 இல் அக்கல்லின் பெரும்படியொன்றைக் கருங்கல்லிற் சமைத்து நிலத்திற் பரப்பியுள்ளார். வருவோர் அதன்மேல் நடக்கின்றனர். யானோ எழுத்தை மிதிக்கக் கூசி ஓரத்தே நின்றேன்.

மூலக்கல் 1802 இல் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையை அடைந்தது. இன்றும் அங்கேயே உளது. பிஜாக்கில் இருப்பது படியே. ஆயினும் பெருமை எவர்க்கு? கல்லை உடைமையாக்கல் வேறு, கற்றுணர்தல் வேறு. பழஞ்சுவடிகளைப் பேழையிற் பூட்டிவைத்து, படியாமலே பெருமை பேசுவோர் இம்முற்றத்தில் ஒருகணம் நிற்பாராக. அதற்கு ஒரு மணி நேரமும் வேண்டா.