முதல் நாள் ராத்திரிப் பந்தி யாருக்காக?

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 அன்று அறநிலையத்துறைக் கோயில்களில் பொது விருந்து நடக்கிறது. அமைச்சர்களும் அதிகாரிகளும் இலை போட்டு உட்காருவார்கள், மறுநாள் பத்திரிகையில் படம் வரும். சமபந்தி என்றாலே நம் நினைவுக்கு வருவது இந்தப் படம்தான். அதில் ஒன்றைக் கவனியுங்கள் தோழர்களே: நாம் அவர்கள் இடத்துக்குப் போய், அவர்கள் சமைத்த சைவச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறோம். நம் தெருவில், நம் கையால் சமைத்ததை அவர்கள் வந்து உண்ணும் அரசு விருந்து எதையும் நான் பார்த்ததில்லை. சமபந்தி ஒரே திசையில்தான் ஓடுகிறது.

இது இப்போது எங்கள் வீட்டுப் பிரச்சினையாகியிருக்கிறது. தை மாதம் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். மண்டபம் பேசி முடித்தாயிற்று, பத்திரிகை அச்சுக்குப் போயிருக்கிறது. ஐயர், ஓமம் எதுவும் கிடையாது. உறுதிமொழி சொல்லி மாலை மாற்றுவதுதான் திருமணம். அதில் பாட்டிக்குக்கூட மறுப்பில்லை. சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லும் என்றாக்கிய 1967 சட்டத்திருத்தம் வந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. ஆனால் புரோகிதரை வெளியே அனுப்பிய அதே வீட்டுக்குள் 'ஐயர் கேட்டரிங்' விசிட்டிங் கார்டு ஒன்று வந்து மேசைமேல் உட்கார்ந்திருக்கிறது. முதல் நாள் ராத்திரி ரிசப்ஷன் சாப்பாட்டுக்கு.

சித்தப்பா ராணிப்பேட்டைப் பக்கம் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறார். கூட வேலை செய்பவர்கள் பெரும்பாலும் மற்ற சாதிக்காரர்கள். "வந்துட்டு சாப்பிடாம போனா யாருக்கு அசிங்கம்? எனக்குத்தானே" என்கிறார். அதனால் ரிசப்ஷனுக்குச் சுத்த சைவம், வெளிச்சாதி சமையல். கல்யாணம் முடிந்த பிறகு தெருவில் பந்தல் போட்டு நம் ஆட்களுக்கு மட்டும் பிரியாணி. ஒரே கல்யாணத்துக்கு இரண்டு பந்தி. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கிற கோட்டை இந்த முறை நாமே, நம் காசில் வரைகிறோம்.

அவருடைய பயம் சும்மா வந்ததில்லை. சில வருடங்களுக்கு முன் அக்கா கல்யாண ரிசப்ஷனுக்கு அதே அலுவலகத்திலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். மேடையேறிப் போட்டோ எடுத்தார்கள், மொய்க் கவரைக் கொடுத்தார்கள். ஒருவருக்கு வயிறு சரியில்லை, இன்னொருவருக்கு வேறொரு ரிசப்ஷன். ஐஸ்கிரீம் கப்பும் பாட்டில் கூல்டிரிங்ஸும் தீர்ந்துபோயின. மூடி போட்டு வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டார்கள். கரண்டியில் வந்ததை ஒருவரும் தொடவில்லை. பந்தி வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டு அழைத்துக்கொண்டிருந்த சித்தப்பாவை நான் பார்த்தேன். அவருக்கு 'அரசியல் தெளிவு' இல்லை என்று சொல்லும் தோழர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எம்.ஏ. வகுப்பில் இதற்கு 'சமஸ்கிருதமயமாக்கம்' என்று பெயர் படித்தோம். அதுவும் பொருந்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாட்டுக்கறி வாங்கி வருகிற மனிதர் அவர். மேலே ஏறப் பார்க்கவில்லை, இன்னொரு அவமானத்தைத் தவிர்க்கப் பார்க்கிறார்.

2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று தடுத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அங்கே சட்டத்துக்கு வேலை இருந்தது. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்மேல் எந்தப் பிரிவில் புகார் கொடுப்பது?

என்ன சமைப்பது என்பதிலும் அரசு நமக்குத் துணையில்லை. 2022 மே மாதம் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் பீஃப் பிரியாணிக்கு இடமில்லை என்றது மாவட்ட நிர்வாகம். எதிர்ப்பு கிளம்பியது, ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது, கடைசியில் மழையைச் சொல்லித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். எந்தக் கறி 'பொது', எந்தக் கறி 'பிரச்சினை' என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். அதையே நாம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து செய்கிறோம்.

என் வாதம் சமையல் யார் கையில் என்பதில் இருக்கிறது. எங்கள் தெருப் பெண்கள் பலர் கேட்டரிங் வேலைக்குப் போகிறார்கள். காய் நறுக்குவார்கள், அண்டா தேய்ப்பார்கள். அடுப்புப் பக்கமும் பரிமாறும் பக்கமும் அவர்களை விடுவதில்லை. அந்த ராத்திரிச் சாப்பாட்டை அவர்களிடமே ஒப்படைக்கலாம் என்றேன். கூலியும் தெருவுக்குள் வரும். மட்டன் பிரியாணி, தால்சா, கத்திரிக்காய்; கறி சாப்பிடாதவர்களுக்கு அதே அடுப்பில் வெஜிடபிள் பிரியாணி. சாப்பிடுகிறவர் சாப்பிடட்டும். போகிறவர் போனால் அது அவருடைய அசிங்கம், சித்தப்பாவுடையது அல்ல.

பீஃபும் வைக்கலாம் என்றேன். "என் கல்யாணத்தைப் போராட்டக் களமா ஆக்காதீங்க" என்று தங்கச்சி முடித்துவிட்டாள். அவள் கல்யாணம், அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உணவு உரிமை பேசுகிற நமக்கு இதற்கு ஒரு பதில் வேண்டும். என்னிடம் இல்லை.

சேர்ந்து உண்பது மட்டும் சாதியை ஒழித்துவிடாது, கலப்பு மணமே மருந்து என்று அம்பேத்கர் 1936-லேயே 'சாதி ஒழிப்பு' நூலில் வாதிட்டார். நாம் இன்னும் முதல் படியிலேயே, அதுவும் தலைகீழாக நிற்கிறோம்.

மற்ற சாதியில் பிறந்து இதைப் படிக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒன்று. தலித் நண்பன் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலமே போங்கள். மேடைக்கு முன்னால் பந்திக்குப் போங்கள். கூட வருகிற அப்பா அம்மாவையும் பக்கத்து இலையில் உட்கார வையுங்கள்.

சித்தப்பா இறங்கி வந்தது பாதிதான். சமையல் நம் தெரு அக்காக்களுக்கே. ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுக்கிறோம். பிரியாணியா சாம்பாரா என்பது இன்னும் முடிவாகவில்லை.